ரயிலுக்கு மேலே வளர்ந்த மாதுளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது பொய்யும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிறேன், முட்டி வலி கூட இந்தக் குளிருக்கு அவ்வளவாக இல்லை, ஆனாலும் இருக்கிறேன் என்பதுதான் இன்னும் சரியாக இருக்கும் என்று தோன்றியது, அதையே வைத்துக்கொள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ கேட்கிற எல்லாவற்றுக்கும் நான் ம் என்கிறேன், அது எனக்கே தெரிகிறது, நீ அந்தப் பக்கம் பெருமூச்சு விடுவதும் கேட்கிறது. டைப் அடித்து அனுப்பலாம் என்றால், நீங்க அடிச்சா பிள்ளைக்கு சம்மன் வந்த மாதிரி இருக்கு என்று உன் அம்மா அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டாள். அதனால் கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ கேட்டாய், அப்பா, வெறும் வாஷிங் மெஷினை எதுக்கு தினமும் ஓட்டுறீங்க என்று. கீழ் வீட்டு டீச்சர் உனக்கு போன் செய்து சொன்னது எனக்குத் தெரியும், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டுக் கூரை தினமும் காலையில் கிர்ரென்று அதிர்ந்தால் அவரும்தான் என்ன செய்வார். மாடியில் இருப்பவர் துணியே போடாமல் மெஷின் ஓட்டுகிறார், ஆள் சரியில்லை என்று அவர் நினைத்ததிலும் தப்பில்லை. நீ பயந்துபோய் மாப்பிள்ளையிடம் சொல்லி, அவர் அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து வைத்து, எனக்குத் திரும்பி வர டிக்கெட் எடுக்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு போக நீ வருவதாக முடிவாகியிருக்கிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை டீச்சரிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னாய். அதற்கும் நான் ம் என்றேன். எங்கே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று அப்போது நிஜமாகவே தோன்றியது. ஆனால் நீ கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது, அதைக் கேட்ட பிறகு நீ முடிவு செய். என் புத்தி பேதலித்துவிட்டதா இல்லையா என்பது இந்தக் கடிதத்தின் கடைசியில் உனக்கே தெரிந்துவிடும்.

உன் அம்மா வேலை பார்த்த தோட்டத்தை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் செடிகள் நன்றாக இருந்த காலத்தில் பார்த்தாய். ஸ்டேஷன் கூரைக்கு மேலே முழங்கை ஆழத்துக்கு மண், மண்ணுக்குக் கீழே சரளைக்கல், கல்லுக்குக் கீழே தார்ப்பாய், அதற்கும் கீழே கான்கிரீட், அப்புறம் பிளாட்பாரமும் ரயிலும் ஜனமும். பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், கீழே மைக்கில் ரயில் வருகிறது என்று சொன்னதும் செருப்பைக் கூட மாட்டாமல் ஓடுவார், அதைப் பார்த்துச் சிரிப்பதற்கே உன் அம்மா சம்பளம் வாங்குகிறாள் என்று நான் சொல்வேன். அந்தத் தார்ப்பாய் பழசாகி ஓட்டை விழுந்துவிட்டது. செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் டிக்கெட் கவுன்டரில் நிற்பவர்கள் தலையில் சொட்டியது. வாளி வைத்துப் பார்த்தார்கள், வாளிக்குப் பக்கத்தில் இன்னொரு வாளி வைத்தார்கள், கடைசியில் தோட்டத்தையே தூக்கிவிட்டுப் புதுப் பாய் விரிப்பது என்று முடிவு செய்தார்கள். தோட்டத்தைத் தூக்குவது என்றால் நிஜமாகவே தூக்குவதுதான், மண்ணை மூட்டை மூட்டையாகக் கட்டி, புல்லைப் பாய் மாதிரி சுருட்டி, செடிகளைத் தொட்டிக்கு மாற்றி. எல்லாத் தொட்டிகளையும் வைக்க இடம் போதவில்லை. அதனால் வேலை முடிகிற வரை ஆளுக்கு ஒன்றிரண்டு தொட்டி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், திறப்பு நாளன்று கொண்டுவந்து கொடுங்கள் என்று வேலை பார்ப்பவர்களிடமும் அக்கம்பக்கத்து ஜனங்களிடமும் கொடுத்துவிட்டார்கள். உன் அம்மா ஒரு மாதுளையைக் கொண்டுவந்தாள். இடுப்பு உயரம் இருக்கும், தொட்டியோடு தூக்க இரண்டு பேர் வேண்டும், டாக்ஸிக்காரரும் நானுமாகத் தூக்கி மாடி ஏற்றினோம்.

பின் பால்கனியில் கைப்பிடிச் சுவர் வெயிலை மறைக்கிறது என்று சொல்லி அதை வாஷிங் மெஷின் மேலே ஏற்றி வைக்கச் சொன்னாள். அவளும் ஒரு கை கொடுக்க ஏற்றி வைத்தேன். மறுநாள் அவள் மெஷினைப் போட்டதும் மாதுளை இலையெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. விழுந்துவிடும், நிறுத்து என்று நான் கத்தினேன். அவள் முகத்தை வைத்துக்கொண்ட விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது, ஒரு சிரிப்பு இல்லை. அய்யோ நிறுத்தாதீங்க, அது ரயிலுக்கு மேல வளர்ந்த பிள்ளை, ஆட்டம் இல்லன்னா ஏங்கிப் போயிடும், வேரு கிறங்கிடும், தினமும் ஒரு தடவையாவது ஆட்டணும்னு எங்க ஆபீஸ்லயே சொல்லித்தான் கொடுத்திருக்காங்க என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. பிறந்ததிலிருந்து அதிர்வில் வளர்ந்த வேர் திடீரென்று அசையாத இடத்தில் என்ன செய்யும் என்று நானும் யோசித்தேன். துணி போட்டால் மெஷின் தாறுமாறாகக் குதிக்கிறது, வெறுமனே சுற்ற விட்டால் ரயில் போகிற மாதிரி சீராக ஆடுகிறது என்று கண்டுபிடித்து அவளிடம் சொன்னது கூட நான்தான். பரவாயில்லையே, உங்களுக்கும் செடி பாஷை புரியுது என்று மெச்சினாள். துணிக்கொடியை அவிழ்த்து அந்தக் கயிற்றால் தொட்டியை ஜன்னல் கம்பியோடு கட்டி வைத்தேன். தினமும் காலையில் அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றுகிற பட்டனை நான் அழுத்துவேன், அவள் செருப்பை மாட்டிக்கொண்டே பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

அப்புறம் அவள் போய்விட்டாள். தோட்டத்தில், மண் மூட்டைகளுக்கு நடுவில், ஒரு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள் என்றார்கள். அவளோடு வேலை பார்க்கிற பெண், விசில் என்று எல்லோரும் கூப்பிடுவார்களே, ரயில் கார்டு மாதிரி இரண்டு விரலை வாயில் வைத்து ஊதுவாளே, அவள்தான் எனக்கு போன் செய்தாள். மற்றதெல்லாம் நீ வந்து பார்த்தாய். நீ அழுதாய், டீச்சர் அழுதார், விசில் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். அப்பா தைரியமா இருக்காரு என்று யாரோ உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தைரியம் ஒன்றும் இல்லை பாப்பா. கோர்ட்டில் இத்தனை வருஷம் சாட்சிகள் சொல்லச் சொல்ல டைப் அடித்தவன் நான். கூண்டில் யாராவது உடைந்து அழுதால் அடைப்புக்குறிக்குள் சாட்சி அழுகிறார் என்று அடித்துவிட்டு, விரலை மெஷினிலிருந்து தூக்கிக்கொண்டு காத்திருப்போம், அவர் மறுபடி பேச ஆரம்பிக்கிற வரை. நீ விமானம் ஏறின பிறகு எனக்கு விரல் அப்படியே தூக்கினபடி நின்றுவிட்டது. அந்த வரியையும் அடிக்கவில்லை, அடுத்த வரியும் வரவில்லை. துக்கம் என்று கூடச் சொல்ல முடியாது. ஒன்றுமே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது அல்லவா, அப்படி. இதை உன்னிடம் போனில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மெஷினை மட்டும் தினமும் ஓட்டினேன். திறப்பு நாளன்னிக்கு நாம ரெண்டு பேருமா கொண்டு போய் அது இடத்துல வைக்கணும் என்று அவள் சொல்லியிருந்தாள், அது ஒன்றுதான் நான் செய்ய வேண்டிய வேலையாக மிச்சம் இருந்தது. என் சட்டைகளை வாளியில் கையால் அலசி நாற்காலி முதுகில் காயப்போட்டேன், கொடிக் கயிறுதான் தொட்டியைக் கட்டியிருக்கிறதே. குளியலறை மூலையில் இருக்கிற அழுக்குக் கூடையை எடுத்துத் துவைத்து வையுங்கள் என்று நீ போகும்போது சொல்லிவிட்டுப் போனாய். துவைக்கிறேன் என்றேன். செடி மேலே இருக்கும்போது துணி போட்டால் குதிக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கூடையில் மேலாக இருந்தது அவளுடைய பச்சைக் கோட்டு, போவதற்கு முந்தின நாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து என் கண்முன்னே கழற்றிப் போட்டது, முழங்கை இரண்டிலும் மண்ணோடு. நான் கூடையின் மூடியைத் திறக்கவே இல்லை.

குளிர் ஆரம்பித்ததும் மாதுளை இலை மஞ்சளாக மாறியது. பிறகு உதிர ஆரம்பித்தது. காலையில் பால்கனிக் கதவைத் திறந்தால் தரையெல்லாம் இலை. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன், தொட்டியைத் திருப்பி வைத்தேன், ஒன்றுக்கும் மசியவில்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, ரயில் என்ன காலையில் ஒரு தடவை மட்டுமா போகிறது, நாள் முழுக்கப் போகிறது, நாம் ஆட்டுவது பற்றவில்லை என்று. சாயங்காலமும் ஓட்ட ஆரம்பித்தேன். டீச்சர் உனக்கு போன் செய்தது அப்போதுதான். அதற்கும் பலன் இல்லை, ஒரு இலை விடாமல் கொட்டி வெறும் குச்சியாக நின்றது. செத்துவிட்டதா என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். விசில் எத்தனையோ தடவை போன் செய்தாள், மாமா சாப்டீங்களா, ஏதாவது வேணுமா என்று, அவளிடமும் ம் என்றுதான் சொன்னேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம், என்னிடம் அப்போது மிச்சமிருந்த ஒரே உணர்ச்சி அந்தப் பயம்தான். கொடுக்க வேண்டிய பொருளைக் கெடுத்துவிட்டேன், அதுவும் அவள் நம்பி வைத்துவிட்டுப் போனதை.

டீச்சர் ஒருநாள் நேரிலேயே மேலே வந்தார். உனக்குச் சொன்னது அவருக்கும் மனசுக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்கும் போல. பால்கனியில் கயிற்றால் கட்டிப் போட்ட குச்சியையும் அதற்குக் கீழே சுற்றுகிற மெஷினையும் பார்த்தார். நான் விஷயத்தை விளக்கினேன், ரயில், வேர், ஏக்கம் எல்லாம். அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார், வகுப்பில் விடையைத் தப்பாகச் சொன்ன பிள்ளையைத் திட்டலாமா வேண்டாமா என்று பார்ப்பது போல. பிறகு, சரிங்க, நான் குளிச்சு முடிச்சு வெளிய வந்ததும் கூரையில ஒரு தட்டு தட்டுறேன், அப்புறமா ஓட்டுங்க, சோப்பு டப்பா வழுக்கி விழுது என்றார். அன்றிலிருந்து துடைப்பக் கட்டையால் தினமும் காலையில் கூரையைத் தட்டிச் சொல்வார். அவர் நல்லவர் பாப்பா, நீ போனில் அவரிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், ஒரு வார்த்தை சொல்லிவிடு.

நேற்றுத் தோட்டத்தைத் திறந்தார்கள். தொட்டியை எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்து இரண்டு டாக்ஸிக்காரர்களைக் கேட்டேன், மண் கொட்டும், சீட் வீணாகும் என்று இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள். மளிகைக் கடைக்காரர் மூட்டை இழுக்கிற சின்னத் தள்ளுவண்டியை வாங்கி, கடைப் பையனோடு சேர்ந்து கயிற்றோடு தொட்டியை அதில் ஏற்றி, ரயிலிலேயே கொண்டுபோனேன். அப்போது கூட ஒரு அசட்டு நம்பிக்கை, நிஜ ரயிலில் ஆடினால் கொஞ்சம் உயிர் வருமோ என்று. பெட்டியில் நல்ல கூட்டம். ஒரு அம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார், நான் உட்காரவில்லை, அவரும் ஒரு பக்கம் பிடிக்க, தொட்டியைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டே வந்தேன். இது பட்டுப்போச்சே, எங்க எடுத்துட்டுப் போறீங்க என்று கேட்டார். திருப்பிக் கொடுக்கப் போறேன் என்றேன். அவர் தொட்டி சாயாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மேலே போனால் திருவிழாக் கூட்டம் மாதிரி ஜனம், ஆளுக்கொரு தொட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். எல்லோருடைய செடியும் பச்சைப்பசேல் என்று இருந்தது. என் குச்சியைப் பார்த்து முன்னால் நின்றவர் திரும்பி நின்றுகொண்டார். மேஜை போட்டு விசில்தான் ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் உன் அம்மாவோடு வேலை பார்த்த மற்றவர்களும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன், எத்தனை நாளாக மனசுக்குள் அடித்துத் திருத்தி வைத்திருந்த வாக்குமூலம் அது. என்மேல தப்பு இருந்தா மன்னிச்சிடும்மா, சொன்ன மாதிரி தினமும் ஆட்டினேன், ஒருநாள் கூட விடலை, இலை கொட்ட ஆரம்பிச்சதும் ரெண்டு வேளையாக் கூட ஆட்டினேன், என் மெஷின் ஆட்டம் ரயில் அளவுக்கு இல்லை போலிருக்கு என்றேன். விசில் புரியாமல் பார்த்தாள். எதை ஆட்டினீங்க மாமா என்றாள். மெஷினில் வைத்து ஆட்டியதைச் சொன்னேன். அவள் கை வாய்க்குப் போனது. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் முகமெல்லாம் ஒரு மாதிரி கோணியது. அப்புறம் அவள் அப்படியே ஒரு மண் மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள் பாப்பா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

மாமா, இன்னுமா ஆட்டிட்டு இருந்தீங்க என்றாள். அக்கா சும்மா சொன்னது மாமா அது, உங்களக் கிண்டல் பண்ணச் சொன்னது என்றாள். மெஷின்மேல் வைக்கச் சொன்னது வெயிலுக்காக மட்டும்தானாம். நான் நம்பிக் கயிறு கட்டியதையும், துணி போடாமல் ஓட்டினால் சீராக ஆடுகிறது என்று கண்டுபிடித்ததையும் உன் அம்மா தினமும் வேலைக்கு வந்ததும் எல்லோரிடமும் நடித்துக் காட்டுவாளாம். அதற்காகத்தான் அவள் செருப்பை மாட்டிக்கொண்டே பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இப்பவே சொல்லிடாதீங்கடி, திறப்பு நாளன்னிக்கு அவரையே தொட்டியைத் தூக்கிட்டு வரச் சொல்றேன், தினமும் ஆட்டினேன்னு அவர் வாயாலயே எல்லார் முன்னாலயும் சொல்லுவாரு, அப்போ போட்டு உடைக்கலாம் என்று சத்தியம் வாங்கி வைத்திருந்தாளாம். அவள் போன பிறகு அதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் வந்து, அவள் எழுதி வைத்த வசனத்தை ஒரு வார்த்தை பிசகாமல், அவள் சொன்ன நாளில், அவள் சொன்ன இடத்தில் சொல்லிவிட்டேன்.

உனக்குத் தெரியுமே, எத்தனை வருஷமாக என் காதில் பூச்சுற்றியவள் அவள். கல்யாணமான புதிதில் உப்பு வெயில் பட்டால் கெட்டுப்போகும் என்று சொன்னாள், நான் உப்பு ஜாடிக்குத் துணி போர்த்தி வைத்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொட்டி மீனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, சாப்பாடு போடக் கூடாது என்றாள், அதையும் நம்பினேன், நீயும் அவளும் எனக்குத் தெரியாமல் போட்டீர்கள். சொல்வதை அப்படியே அடிப்பதுதான் என் வேலை, உண்மையா பொய்யா என்று பார்ப்பது ஜட்ஜ் வேலை, வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவளே சொல்லிவிட்டுச் சிரிப்பாள், நான் அசடு வழிய நிற்பேன். இந்தத் தடவை சொல்வதற்கு அவள் இல்லை. விசில் சொன்னதை மனசுக்குள் ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். பிறகு அடிவயிற்றிலிருந்து ஏதோ குலுங்கிக்கொண்டு வந்தது, என்னவென்று எனக்கே புரியவில்லை, பார்த்தால் சிரிப்பு. சிரித்தேன் பாப்பா. தோட்டத்து ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள், வரிசையில் நின்ற ஜனமும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தது. விசில் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினாள், கீழே பிளாட்பாரத்தில் எவனாவது ரயிலை எடுத்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

மாதுளை சாகவில்லை. விசில் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிக் காட்டினாள், உள்ளே பச்சையாக இருந்தது. குளிருக்கு இலை கொட்டுவது மாதுளையின் வழக்கமாம். தோட்டத்தில் அது நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பிளாட்பாரத்துச் சூட்டுக் காற்றை வெளியே தள்ளுகிற கம்பிக் கூண்டு இருக்கிறது, அந்தக் கதகதப்பில் அதற்குக் குளிர்காலம் வந்ததே தெரியாது, நம் வீட்டில்தான் முதன்முதலாகக் குளிரைப் பார்த்திருக்கிறது. பழைய இடத்திலேயே வைத்தார்கள், மண்ணைத் தள்ளி மிதிக்க என்னையும் விட்டார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நான் அதன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கீழே மைக்கில் ரயில் வருகிறது என்றார்கள். நான் குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்த்தேன். ரயில் வந்தது, நின்றது, போனது. மண் ஒரு துளி ஆடவில்லை. இன்னொரு ரயிலுக்கும் வைத்துப் பார்த்தேன். அந்தத் தோட்டம் ஆடுவதே இல்லை பாப்பா. அந்தப் பெஞ்சில் உன் அம்மா வேலை முடிந்து வருகிற வரை நான் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன், என் காலடியில் தரை ஆடவில்லை என்று ஒருநாள் கூட எனக்குத் தோன்றவில்லை, அவள் சொன்னது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மெஷின் மேலே தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு அழுக்குக் கறை. இன்று காலையில் டீச்சர் வழக்கம் போலக் கூரையைத் தட்டினார். பழக்க தோஷத்தில் கை பட்டனுக்குப் போய்விட்டது. செடியும் இல்லை, இனி என்ன சாக்குச் சொல்வது என்று நின்றேன். பிறகு குளியலறைக்குப் போய் அந்தக் கூடையைத் தூக்கிவந்து மூடியைத் திறந்தேன். பச்சைக் கோட்டை எடுத்து உதறினேன், காய்ந்த மண் பால்கனித் தரையில் கொட்டியது, அதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன். கோட்டையும் என் சட்டைகளையும் உள்ளே போட்டுக் கதவை மூடித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். துணி போட்டால் அது எப்படிக் குதிக்கும் என்று உனக்குத் தெரியும், தடதடவென்று பால்கனி முழுக்க நடந்தது, நான் இரண்டு கையாலும் அதன் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குள் அந்தப் பச்சை சுற்றிச் சுற்றி வந்தது. அப்போதுதான் வந்தது பாப்பா. சத்தமாகத்தான் அழுதேன், மெஷின் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன், ஆனால் டீச்சருக்குக் கேட்டிருக்கிறது, மேலே வந்து மெஷினின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அது நிற்கிற வரை நின்றார். அடைப்புக்குறிக்குள் போட வேண்டிய அந்த வரியை நீ இப்போது போட்டுக்கொள்ளலாம். தொட்டி கட்டிய கயிற்றை மறுபடி கொடியாகக் கட்டி அதில் கோட்டைக் காயப்போட்டிருக்கிறேன். இதை எழுதும்போது எதிரில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது டிக்கெட் விஷயம். நீ வா, கட்டாயம் வா, உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, இதை எழுதுகிற அளவுக்காவது எனக்கு அது இப்போது தெரிகிறது. ஆனால் வீட்டைப் பூட்ட வேண்டாம். உன்கூட வந்து பேத்தியோடு கொஞ்சநாள் இருந்துவிட்டு நான் திரும்பி வருகிறேன், எனக்குப் போகவும் வரவும் டிக்கெட் எடு. மாதுளை துளிர்க்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும், துளிர்த்ததும் போன் செய்றேன் என்று விசில் சொல்லியிருக்கிறாள், அவளும் உன் அம்மாவிடம் வேலை கற்றவள், அவள் சொல்வதை அப்படியே நம்ப முடியாது, நானே போய்ப் பார்க்க வேண்டும். டாக்டரைப் பார்க்கச் சொன்னால் பார்க்கிறேன், மாப்பிள்ளை முகம் சுருங்க வேண்டாம். அவருடைய முதுகு வலிக்கு நாற்காலியை மாற்றச் சொல், மாத்திரையை மாற்றி என்ன பிரயோஜனம். நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுவதை நிறுத்து. பேத்திக்கு அடுத்த பல் ஆடுகிறது என்றாயே, அதை அவள் போக்கில் விடு, நீ ஆட்டாதே.

நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் மனசு நிறைய நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்திதான், அவள் பங்கையும் நானே போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
அப்பா

மறந்துவிடாதே: இதைப் படித்து முடித்ததும் எனக்கு போன் செய். அழுதால் பரவாயில்லை, ஆனால் முதலில் சிரித்துவிட்டு அழு. உன் அம்மா அந்தக் கதையை எல்லோரும் சிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தாள், எல்லோரும் சிரித்தாகிவிட்டது, நீ ஒருத்திதான் பாக்கி.